மூன்றாவது கோப்பைக்கு முன் வந்த சாம்பிராணி

கஸப்,
செவ்வாய்க்கிழமை

மத்ராவில் இருக்கும் என் தங்கை ஷம்ஸாவுக்கு அண்ணன் கல்பான் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் உன்னையும் உன் வீட்டாரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. எழுத்துகள் அலையில் மாட்டிய தோணிகள் போல ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடக்கும். எழுபத்திரண்டு வயதுவரை வலை இழுத்த கை, பேனாவையும் அப்படியே இழுக்கிறது. இதுவரை இரண்டு பேனா உடைந்துவிட்டது. காலையில் உட்கார்ந்தவன், இந்த இடத்துக்கு வருவதற்குள் மதியத் தொழுகைக்கு அழைத்துவிட்டார்கள். ஆனாலும் உன் பெயரை நானே எழுதியிருக்கிறேன். மேலே போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வா.

பதினோரு வருடத்துக்கு முன் உன் மகன் ஹிலாலின் கல்யாணத்துக்கு நீ கடிதம் போட்டாய். எனக்குப் படிக்கத் தெரியாது, இன்னொருவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம். சும்மா நலம் விசாரித்திருப்பாய் என்று தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். அண்ணன் வேண்டுமென்றே வரவில்லை என்று நீ பேச்சை நிறுத்தினாய். நீ ஏன் நிறுத்தினாய் என்று தெரியாமல் நானும் நிறுத்தினேன். இந்த வருடம் முதியோர் வகுப்பில் சேர்ந்து, போன மாதம் அந்தக் கடிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அண்ணே, நீ வராம எனக்கு என்ன சந்தோஷம்' என்று இருந்தது. அந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்கத்தான் கப்பல் ஏறினேன்.

கப்பலில் எங்கு பார்த்தாலும் எழுத்து. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் என்று படித்தேன், புகை பிடிக்காதீர் என்று படித்தேன், கழிப்பறைக் கதவைக்கூட விடவில்லை, எல்லாம் சத்தமாகத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தூரப் போனார்கள். படித்த மனிதருக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மடியில் உனக்காக உப்பில் ஊறவைத்த சூரை மீன் ஜாடி. மடி ஈரமானபோது கடல் தெறிக்கிறது என்று நினைத்தேன். ஜன்னல் மூடியிருந்ததை இப்போதுதான் யோசிக்கிறேன்.

உன் வீட்டில் பேரீச்சம்பழம் வந்தது, கஹ்வாக் காப்பி வந்தது. வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாதே, மூன்றாவது கோப்பையில் சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டாவது கோப்பை பாதியில் இருக்கும்போதே நீ சாம்பிராணித் தூபத்தைக் கொண்டுவந்து என் அங்கிக்குக் கீழே காட்டினாய். தூபம் வந்தால் விருந்தாளி எழுந்துவிட வேண்டும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? எழுந்துவிட்டேன். "எங்கண்ணே போற, சோறு வேகுது" என்றாய். எல்லா வீட்டிலும் வாசல் வரை வந்து சொல்கிற வார்த்தைதானே என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். துறைமுகத்தில் கேட்டால் அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்து. வீறாப்பாகக் கிளம்பியவன் எப்படித் திரும்பி வருவது? மீன் சந்தையிலேயே கிடந்தேன். அங்கே மட்டும் யாரும் என்னை விட்டு விலகவில்லை. அங்கிருந்து உன் மொட்டை மாடியில் காயும் துணி தெரிந்தது. ஹிலால், நம் ஊர்க் கிழவர்கள் கைத்தடியாக ஊன்றும் கைக்கோடாலியை, நான் உன் வீட்டில் மறந்துவைத்ததை, தூக்கிக்கொண்டு "மாமா, மாமா" என்று கூப்பிட்டபடி வந்தான். அதையும் வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை போல என்று நான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

திரும்பும் கப்பலில் நம் ஊர் ரொட்டிக்கார நாஸ்ரா பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். "கல்பான், உன் அங்கியில எத்தன மீன் செத்துக் கிடக்கு?" என்றாள். என் துக்கத்தை எல்லாம் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் கப்பல் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"அட கிறுக்கு மனுஷா, உன் தங்கச்சி உன்னையா போகச் சொன்னா? மீனைப் போகச் சொன்னா."

அதற்குள் நம் ஊர் மலைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. கப்பலைத் திருப்பச் சொல்லிக் கேட்டேன், மாட்டோம் என்றார்கள். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீ கடிதம் போட்டாய், நான் கடிதத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். ஷம்ஸா, கல்யாணத்துக்கு வராததற்கு மன்னித்துவிடு. சோறு வெந்துகொண்டிருக்கும்போது எழுந்து போனதற்கும் மன்னித்துவிடு. உன் வாசலில் வந்து நிற்க இனி எனக்கு முகம் இல்லை. கப்பலும் வேண்டாம், மீனும் வேண்டாம், எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் துஆ. அடுத்த வாரம் கட்டாயம் எழுதுவேன்.

உன் அண்ணன்,
கல்பான்

பின்குறிப்பு: தபாலில் போட்டால் போய்ச் சேர நாளாகும் என்கிறார்கள். நாளைக் காலை கப்பல் இருக்கிறது. அதனால் இதை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை எதிரில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். மீன் இந்த முறை இரண்டு ஜாடி, மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். தூபத்தை நான் வாசலில் இருக்கும்போதே காட்டிவிடு. அடுத்த வாரக் கடிதத்தையும் எழுதத்தான் போகிறேன், உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து. எழுதி முடித்ததும் நீ இருக்கும் அடுப்படிக்கே கொண்டுவந்து தருகிறேன்.