உண்டு, ஆனால் இல்லை

"உண்டா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா."

"உண்டு மொதலாளி. ஆனா இல்லே."

நூர்தீன் முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "செல்லசாமி, 'இதுக்கு முந்தி கோர்ட்டுல தண்டனை உண்டா'ன்னு கம்பெனி கேக்குது. உண்டுன்னா உண்டு, இல்லேன்னா இல்லே. 'உண்டு ஆனா இல்லே'ன்னு இங்கிலீசுல எழுத எடமில்லே."

"அப்ப இங்கிலீசுல உண்மைக்கே எடமில்லேன்னு சொல்லுங்க."

நூர்தீன் தலவாக்கலைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஆணி நிறுத்துக் கொடுத்த கையோடு கார் இன்சூரன்சும் எழுதுவார். ஆணியாவது கையில் கிடைக்கும். இன்சூரன்ஸ் அப்படியில்லை. சிரித்துக்கொண்டே பணம் வாங்குகிற கம்பெனிக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் திருப்பிக் கொடுப்பான், அதுவும் கொடுத்தால்தான். இருந்தாலும் அந்தக் காகிதம் இல்லாமல் ரோட்டு லைசன்ஸ் கிடையாது, ரோட்டு லைசன்ஸ் இல்லாமல் வண்டி ஓடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் போட்டவன் எவனும் ஹயர் என்று வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தவனாக இருக்க மாட்டான்.

செல்லசாமியிடம் ஒரு பழைய ஆஸ்டின் கார் இருந்தது. பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பான். மார்கழிப் பௌர்ணமிக்குச் சிவனொளிபாத மலை சீசன் தொடங்கிவிடும். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் பக்தர்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தில் இருக்கிற நல்லதண்ணிக்கு ஓட்ட வேண்டும். வைகாசி வரைக்கும் ஓடினால் மிச்ச மாதமெல்லாம் வீட்டில் அடுப்பு எரியும். ஓடாவிட்டால் வண்டியில் கோழி அடைக்கலாம்.

"தோட்டத்துக்காரனுக்கு ஓட்டு இல்லேன்னாங்க, சரின்னேன். இந்த நாட்டுக்காரன் இல்லேன்னாங்க, அதுக்கும் சரின்னேன். இப்ப இன்சூரன்சும் இல்லேங்கிறீங்களா?"

"நான் சொல்லலேப்பா, கம்பெனி சொல்லும். குடிச்சிட்டு ஓட்டினவனுக்குக் குடுக்க மாட்டாங்க."

"குடிச்சேனா? நான் ஊர் பேரைச் சொன்னேன் மொதலாளி!"

கடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கதையைத் தலவாக்கலையில் கேட்காதவர்கள் யாரும் இல்லை. ஆவணி மாதத்தில் ஒரு நாள் செல்லசாமியின் வண்டி ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரோட்டோரச் சாக்கடைக் கானில் ஒரு சக்கரத்தை விட்டுவிட்டு நின்றது. மாத்தறைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் ஒருவன் ஓடிவந்து, "கொஹெந்த எந்நே?" என்று கேட்டான். சிங்களத்தில் எங்கேயிருந்து வருகிறாய் என்று அர்த்தம்.

"நான் என்னா சொன்னேன்? 'நல்லதண்ணி'ன்னேன். அந்த ஆளுக்குத் தெரிஞ்ச தமிழே நாலு வார்த்தை. அதுல ஒண்ணு தண்ணி. நல்ல தண்ணியாம்! ஸ்டேஷனுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"தரையில கோடு போட்டு அதுமேல நடக்கச் சொன்னாங்களாமே?" என்று ஒருத்தன் கேட்டான்.

"கிளச்சை மிதிச்சு மிதிச்சுக் கால் மரத்துப் போச்சு. நீ நடப்பியா?"

கோர்ட்டில் பிடித்த வக்கீல் அந்தக் கான்ஸ்டபிளைவிடப் பெரிய ஆள். விளக்கம் சொல்லப் போனால் கேஸ் தவணைக்கு மேல் தவணையாக இழுபடும், ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டு என்றான். கட்டினான். மூன்று மாதம் லைசன்ஸைப் பிடித்து வைத்திருந்து, சிவப்பு மையில் ஏதோ கிறுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். செல்லசாமிக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. போலீஸில் பிடித்து வைத்திருந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பின்சீட்டில் கிடந்த லீக்ஸ் காய்கறிக் கட்டு அழுகிப்போயிருந்தது.

நூர்தீன் தாடியைச் சொறிந்தார். "ஒண்ணு செய்வோம். வண்டியை உம் பொஞ்சாதி பேருக்கு மாத்திரு. அவ மேல கேஸ் இல்லேதானே?"

"எம்மேல அவ போடுற கேஸ்தான் உண்டு."

நாகலெட்சுமி காகிதத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசையே நம்பாதவள் அவள்.

"எம் பேருல வண்டி வந்தா, நாளைக்கு நீங்க குடிச்சிட்டு எவன் மேலயாவது ஏத்துனா போலீசு என்னையல்ல தேடும்?"

"நான் எங்கடி குடிச்சேன்? ஊர் பேரைச் சொன்னேன்."

"அப்ப மாரியம்மன் கோயில்ல சூடம் அணைங்க. அணைச்சா கையெழுத்துப் போடுறேன்."

செல்லசாமி கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தான். பிறகு, "சரி, வா" என்றான்.

கோயிலுக்குத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த சனம் பாதி வந்துவிட்டது. சும்மா கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்கள்? பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினான். செல்லசாமி சத்தமாகச் சொன்னான்:

"அன்னைக்கு அந்தப் போலீசுக்காரன்கிட்ட நான் 'நல்லதண்ணி'ன்னுதான் சொன்னேன். அதைத் தவிர வேற ஒரு வார்த்தை சொல்லலே. இது பொய்யா இருந்தா ஆத்தா எங் கண்ணைப் புடுங்கட்டும்!"

சொல்லிவிட்டு ஓங்கி அடித்துச் சூடத்தை அணைத்தான். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கைதான் வெந்துபோயிற்று.

"பொய்ச் சத்தியம்னாதான் சுடும்" என்றாள் வெற்றிலை விற்கிற ராக்காயி.

"சூடம்னா சுடாம குளுருமா கெழவி?" என்று செல்லசாமி கையை உதறிக்கொண்டு கத்தினான்.

நாகலெட்சுமி கையெழுத்துப் போட்டாள். அவன் கையில் கட்டும் போட்டாள்.

காகிதம் கொழும்புக்குப் போனது. போகாமலே இருந்திருக்கலாம். மலைநாட்டில் ஒரு பெண்பிள்ளை ஹயர் கார் வைத்திருக்கிறாள் என்றதும் கம்பெனிக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டியையும் ஓட்டுகிறவனையும் நேரில் பார்த்து வரச் சொல்லி ஓர் இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. நெற்றியில் திருநீறு இருந்தது, முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. ரயிலைவிட்டு இறங்கி நூர்தீன் கடைக்குள் வந்ததும் முதலில் செல்லசாமியின் கைக்கட்டைத்தான் பார்த்தார்.

"என்ன காணும் இது? விபத்தோ?"

"இல்லீங்கய்யா, சத்தியம் பண்ணினது."

"என்ன சத்தியம்?"

"குடி சம்பந்தமாங்க."

நூர்தீன் தலையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் கூரைத் தகரம் கேட்டு வந்து நின்றான். வியாபாரத்தை விட முடியுமா? பின்னால் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ளதைச் சொல்லும். நீர் குடிக்கிறனீரோ?"

செல்லசாமிக்கு அவர் மேல் மரியாதை வந்தது. படித்த மனிதர். தண்ணி என்று கொச்சையாகச் சொல்லாமல் 'நீர்' என்று தேவாரம் மாதிரிச் சொல்கிறார்.

"நல்லா குடிப்பேனுங்க. காலையில எந்திரிச்சதும் ரெண்டு சொம்பு."

"காலையிலையோ!"

"வெறும் வயித்துல குடிச்சா ஒடம்புக்கு நல்லதுங்கய்யா."

இன்ஸ்பெக்டர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு காலமாக் குடிக்கிறனீர்?"

"இதென்னங்கய்யா கேள்வி? பொறந்ததுலேர்ந்துதான். எங்கம்மா பாலை நிறுத்துனதும் அதைத்தான் குடுத்தாங்க."

"சிவ சிவா! கார் ஓடேக்கையுமோ?"

"அப்பத்தாங்க ரொம்ப வேணும். ஏத்தத்துல வண்டியும் சூடாயிரும், நானும் சூடாயிருவேன். போத்தல் கையோடயே இருக்கும். வண்டிக்குப் பாதி, எனக்குப் பாதி."

"வீட்டில மனுசி ஒண்டும் சொல்லுறதில்லையோ?"

"அவதாங்க பீலியில வரிசையில நின்னு புடிச்சுக் கொடத்துல கொண்டாந்து வைப்பா."

"குடத்திலையோ!"

"பச்சப் புள்ளைங்க எல்லாம் இருக்கிற வீடுங்க. ஒரு கொடம் பத்தாது."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். உடனே ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போயிருப்பார். ஆனால் ரயில் வர நேரம் இருந்தது. கம்பெனிக்காரனுக்குச் சம்பளத்துக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். "வாகனத்தையாவது பாப்பம்" என்று வண்டியில் ஏறினார். தகரத்தை அப்படியே போட்டுவிட்டு நூர்தீனும் ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கயிற்றை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஒற்றைக் கையோடு செல்லசாமி பார்த்துத்தான் ஓட்டினான். லிந்துலைப் பக்கம் ஏறுகிற ரோட்டில் இரண்டு வளைவு திரும்பியதும் முன்னால் உஸ் என்று ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லீங்கய்யா. தண்ணி ஊத்துனா சரியாயிரும்" என்று செல்லசாமி சீட்டுக்கடியிலிருந்து ஒரு சாராயப் போத்தலை எடுத்தான். எடுத்த கையோடு பழக்கதோஷத்தில் தான் இரண்டு மிடறு குடித்தான்.

"என்ர கண் முன்னாலையோ!" இன்ஸ்பெக்டர் பாய்ந்து போத்தலைப் பிடுங்கினார். மோந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"இது பச்சத் தண்ணி!"

"பின்னே? அப்பலேர்ந்து இதைத்தானேங்க சொல்றேன்?"

"அப்ப குடத்தில?"

"அதுவும் இதேதாங்க. நீர்."

"நீர் எண்டு நான் சொன்னது உம்மை!"

"என்னையை யாருங்கய்யா குடிப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் செல்லசாமியைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். அப்புறம் அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார். குடை கீழே விழ, கோட்டுப் பொத்தான் தெறிக்க, மட்கார்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கொழுந்து மலையில் நின்ற பெண்கள் எல்லாம் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

நூர்தீன் வியாபாரி. எந்த நேரத்தில் சரக்கை இறக்குவது என்று அவருக்குத் தெரியும். "ஐயா, நீங்களும் தமிழ், இவனும் தமிழ். ஒங்களுக்கே இப்படித் தடுமாறினா, மாத்தறையிலேர்ந்து வந்த கான்ஸ்டபிள் என்ன செய்வான் பாவம்? இவன் நல்லதண்ணின்னு ஊர் பேரைச் சொல்லியிரிக்கான்..." என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லி முடித்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் காணும் நீர். நீர் எண்டா நீங்கள். தண்ணி இல்லை, விளங்குதோ?"

"விளங்குதுங்க. எனக்கு எப்பவும் விளங்கும், கேக்குறவங்களுக்குத்தான் விளங்குறதில்லே."

"ஒரு சொல்லாலை ஒரு மனுசன்ர பிழைப்புப் போகக் கூடாது" என்றார் அவர். கடைக்குத் திரும்பியதும் ஆணிப் பெட்டி மேலேயே வைத்துச் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டி செல்லசாமி பேரிலேயே இருக்கலாம், கோர்ட்டில் நடந்ததைக் கம்பெனிக்குத் தானே எடுத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். ஒரு கம்பெனிக்காரன் இப்படிச் செய்ததைத் தலவாக்கலை அதற்கு முன்பு பார்த்ததில்லை. பின்பும் பார்த்ததில்லை. செல்லசாமியே அவரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான். ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது.

நூர்தீன் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாகலெட்சுமி எல்லோருக்கும் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். புருஷனுக்கு மட்டும் ஒரு துண்டுக் கருப்பட்டி கூட வைத்தாள். அவன் கைக்கட்டை அவிழ்த்து எண்ணெய் தடவிவிட்டாள்.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன். ஒங்களைப் போயி சூடம் அணைக்க வச்சேனே" என்றாள்.

"விடு புள்ளே. உண்மைக்குச் சோதனை வரத்தான் செய்யும்." செல்லசாமி கன்னத்தில் கருப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பவும் தொடங்கினான். "அந்தக் கான்ஸ்டபிள் கேக்குறான், எங்கேர்ந்து வர்றேன்னு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்றேன், நல்லதண்ணின்னு..."

அந்த நேரம் நுவரெலியா பஸ் வந்து நின்றது. இடுப்பில் பெரிய லீக்ஸ் கட்டை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் இறங்கினாள். பெயர் பேச்சியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். செல்லசாமியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. லீக்ஸ் கட்டை நாகலெட்சுமி மடியில் வைத்தாள். அவன் சொல்கிற கதையைக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி கேட்டாள். அப்புறம்தான் வெள்ளந்தியாகக் கேட்டாள்:

"நல்லதண்ணிக்கு எப்ப தம்பி போனீங்க? ஆவணியில அன்னைக்குக் கந்தப்பளையில எம் மக கல்யாணத்துக்கு ஹயர் வந்துட்டு, எங்க சம்பந்தி ஊத்த ஊத்தக் கிளாசை நீட்டி வாங்கி, 'நல்ல தண்ணி, நல்ல தண்ணி'ன்னு சொல்லிக்கிட்டேதானே வண்டியில ஏறுனீங்க!"