பதினொன்றோடு ஏழு

"டிக்கெட்டுல போட்டிருக்கிறது மாஸ்கோ நேரம் ரிம்மா. எத்தனை தடவை சொல்றது?"

விளாதிவஸ்தோக் ரயில் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர் யெஃபீம். அவர் வேலை பார்த்த காலத்தில் நாட்டின் எந்த மூலையில் ரயில் ஓடினாலும் டிக்கெட்டிலும் நிலையக் கடிகாரத்திலும் மாஸ்கோ நேரம்தான். இந்த ஊருக்கு அதோடு ஏழு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அவர் வீட்டுச் சமையலறைக் கடிகாரமும் இன்றுவரை அப்படியே ஓடுகிறது. அதன்படி மத்தியானச் சாப்பாடு காலை ஆறு மணிக்கு. கட்டிக்கொண்ட பாவத்துக்கு ரிம்மாவும் அதைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

இன்று மாஸ்கோவிலிருந்து சம்பந்தியம்மா அவ்குஸ்தா விமானத்தில் வருகிறார். பேத்தியைக் கோடை விடுமுறைக்கு இங்கே அனுப்புவது அவர் கையில் இருந்தது. "பொறுப்பான மனுஷங்களான்னு நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

"நேத்து ராத்திரி எட்டுக்குக் கிளம்பி இன்னிக்குப் பதினொண்ணுக்கு வருது. பயணம் எட்டு மணி நேரம்னு மக சொன்னா. அப்போ பதினொண்ணு நம்ம ஊர் நேரம்தானே?" என்றாள் ரிம்மா.

"எட்டு மணி நேரமா? ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர்டி. ரயில்ல ஏழு நாள். பதினஞ்சு மணி நேரத்துல வர்றதே அதிசயம். பதினொண்ணோட ஏழு, சாயங்காலம் ஆறு."

"விமான நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்களேன்."

யெஃபீம் பண்ணினார், ரயில்வே சகா கூஸ்மாவுக்கு. "டிக்கெட்டுன்னா மாஸ்கோ நேரம்தான். இதுல என்னய்யா சந்தேகம்?" என்றார் கூஸ்மா. ரிம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மகள் மாஸ்கோவிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை இறங்கி மூணு மணி நேரம் ஆச்சே, சாப்பிட்டாங்களா?"

ரிம்மா ரிசீவரைக் கணவர் காதில் வைத்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தம்மா மட்டும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போகட்டும், அந்தக் கடிகாரத்தை உங்க தலையிலேயே உடைக்கிறேன்."

பூங்கொத்தோடு டாக்ஸியில் பாய்ந்தார். பாதி வழியில் டயர் பஞ்சர். இறங்கிப் பேருந்தில் நெருக்கியடித்து ஏறினார். ஏழு பூவில் ஒன்று தலை முறிந்து விழுந்தது. மிச்சம் ஆறு. ரஷ்யாவில் இரட்டைப்படையில் பூ கொண்டுபோவது சாவுக்குத்தான். தன்னையே திட்டிக்கொண்டார்.

விமான நிலையத்தில் மணி மூன்றேகால். வருகைக் கூடத்தில் ஈ, காக்காய் இல்லை. இரண்டு முறை சுற்றிவந்தார். பேத்தியின் கோடை விடுமுறை போயே போய்விட்டது. கடைசியில் பயணிகள் பெட்டிகளைக் கொடுத்துவைக்கும் இடத்தில் இருந்த அம்மாளிடம், கொத்தை ஒற்றைப்படையாக்க ஒரு பூவை எடுத்து நீட்டினார்.

"இதை நீங்க வச்சுக்கோங்கம்மா. காலைல மாஸ்கோ விமானத்துல வந்த ஒரு பெரியம்மாவைப் பார்த்தீங்களா?"

அவள் பூவை வாங்கிக்கொண்டு, பின்னாலிருந்த பழுப்புப் பெட்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தச் சம்பந்தியா? அவங்க வீட்டுக்காரரும் ரயில்வேயாம். 'சம்பந்தி பதினொண்ணோட ஏழு மணி கூட்டிக்கிட்டு டாண்ணு ஆறுக்கு வந்து நிப்பார், அப்படி வந்தாதான் பேத்தியை நம்பி அனுப்பலாம்'னு சொல்லிட்டுக் கடல்ல குளிக்கப் போயிருக்காங்க. நீங்க என்னய்யா, ஒரு நேரங்காலம் இல்லாம மூணு மணிக்கே வந்து நிக்கிறீங்க?"