பந்தயக் காருக்கு அவள் சொன்ன ‘சரி’

ஐம்பத்து மூன்றாவது வயதில் நான் பந்தயக் கார் ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. அதில் ஒரே ஒரு நிபந்தனைதான். என் மனைவி அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

இதை வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னையே தோண்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தோண்டினால் இதுதான் வருகிறது. இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்ட காரியங்கள் ஏராளம். நல்ல சம்பளத்தில் வந்த வெளியூர் வேலையை விட்டேன். மலையேறும் குழுவில் சேராமல் விட்டேன். கிளாரினெட் கற்காமல் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தில் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: “வீட்ல ஒத்துக்கல.”

அவளிடம் கேட்டாயா என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரும்பாலும் முகத்தையும் பார்க்கவில்லை.

இப்படி ஒரு மனைவி இருந்தால் மனிதன் நிம்மதியாக வாழலாம். எதிலும் தோற்க வேண்டியதில்லை. தடுக்கப்பட்ட மேதை என்ற பதவி உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கிறது.

என் வேலை, காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக இடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைச் சீர் செய்யலாம் என்று எழுதித் தருவது. இருபத்தெட்டு வருடத்தில் நான் பார்த்த கார்களில் ஒன்றுகூட நகர்ந்துகொண்டிருந்ததில்லை. ஒருநாள் மதியம் பக்கத்து மேஜைக்காரர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். கூரை இல்லாத கார். கதவும் இல்லை. நான்கு சக்கரங்களும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு ஆள், படுத்தவாக்கில். வேலை வெட்டி உள்ள சாதாரண ஆட்களும் வாரக் கடைசியில் இதில் பந்தயம் ஓட்டுகிறார்களாம்.

“நீங்களும் ஓட்டலாமே சார்,” என்றார்.

“ஓட்டலாம்தான். வீட்ல ஒத்துக்கணுமே.”

சுற்றியிருந்த நாலு மேஜையும் அனுதாபத்தோடு தலையாட்டின. வழக்கமாக அதோடு முடிந்துவிடும். ஆனால் அவர் இளகிய மனசுக்காரர். தன் வீட்டம்மாவும் என் மனைவியும் சந்தையில் அடிக்கடி சந்திப்பதாகவும், வேண்டுமானால் அந்த வழியாக ஒரு வார்த்தை கேட்கச் சொல்வதாகவும் சொன்னார். கேட்டால் என் குட்டு உடைந்துவிடும். அவர்கள் முந்துவதற்குள் நானே போய் முறைப்படி கேட்டு, முறைப்படி மறுப்பு வாங்கிவிடுவது என்று அன்று சாயங்காலமே தீர்மானித்தேன்.

என் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சட்டைக்கு இடுப்புப் பிடிப்பது, பள்ளிச் சீருடையைத் தளர்த்துவது, திரைச்சீலை, கார் சீட் உறை எல்லாம் தைத்துத் தருவாள். நான் போனபோது வாயில் ஆறேழு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். நல்ல சகுனம். ‘வேண்டாம்’ என்பது குண்டூசியோடுகூடச் சொல்லக்கூடிய வார்த்தை.

எடுத்த எடுப்பிலேயே தொகையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எந்த ஆசையும் தொகையைக் கேட்டதும் தானாகச் செத்துவிடும். “பந்தயக் கார் ஓட்டலாம்னு இருக்கேன். பழைய காரே என்னோட எட்டு மாசச் சம்பளம்.”

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தி வைக்கிற சின்ன மெத்தையில் குத்தினாள்.

“சரி,” என்றாள்.

“என்ன சரி?”

“ஓட்டுங்க.”

காதில் சரியாக விழவில்லை போல என்று தொடர்ந்தேன். கார்தான் இருப்பதிலேயே மலிவு என்றேன். இது பொய்யில்லை, விசாரித்து வைத்திருந்தேன். தீப்பிடிக்காத அங்கி வேண்டும். அதற்குள்ளே தீப்பிடிக்காத பனியன், தீப்பிடிக்காத காலுறை. ஹெல்மெட் பால் பாக்கெட் மாதிரி, தேதி தாண்டினால் செல்லாது. தலை பறந்து போகாமலிருக்க அதோடு சேர்த்துக் கட்ட ஒரு கழுத்துக் கவசம். லைசென்ஸ், அதற்கு முன்னால் பயிற்சி, அதற்கு முன்னால் டாக்டர் சான்றிதழ். ஒவ்வொரு பந்தயத்துக்கும் நுழைவுக் கட்டணம். அந்தக் கார் ரோட்டில் ஓடக் கூடாது. அதை ஏற்றிப் போக ஒரு டிரெய்லர். அந்த டிரெய்லரை இழுக்க நம் வண்டியைவிட மூன்று மடங்கு பெரிய வண்டி.

“டயர் வேற,” என்றேன் கடைசி ஆயுதமாக. “ஒரு செட் ஒரு மாசச் சம்பளம். ரெண்டு வாரக் கடைசிதான் தாங்கும்.”

“மொத தடவை ஓட்டறவருக்கு எதுக்குங்க புது டயர்? யாராவது கழட்டிப் போட்டதை வாங்கிக்குங்க.”

“இடிச்சா முழுச் செலவும் நம்மளது. எந்தக் காப்பீடும் தராது. தராதுன்னு எழுதறதே நான்தான்.”

“இடிக்காம ஓட்டுங்க,” என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் முழுவதும் பட்டியலை வளர்ப்பதே வேலையாக இருந்தேன். காலையில் காபியோடு இரண்டு உதிரிபாகம், இரவுச் சாப்பாட்டோடு ஒரு அபராதம். பந்தயக் களத்தில் இரைச்சல் அதிகமானாலும் அபராதம் உண்டு என்றேன். கியர்பெட்டி உடைந்தால் பல்சக்கரங்கள் தனியாக, பெட்டி தனியாக வாங்க வேண்டும் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். என் வாழ்நாளில் அந்த வார்த்தை அப்படி ஒலித்துக் கேட்டதில்லை. ஒவ்வொரு ‘சரி’க்கும் நான் ஒரு படி கீழே இறங்கினேன்.

சனிக்கிழமை அவள் ஒரு செய்தியோடு வந்தாள். அவள் சீட் உறை தைத்துக் கொடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் இந்த மாதிரிக் கார் இரண்டு நிற்கிறதாம். வாங்கவே தேவையில்லையாம். ஒரு நாள் வாடகைக்குக் கார், அங்கி, ஹெல்மெட், டயர், மெக்கானிக் எல்லாம் அவர்களே தருகிறார்களாம். போய் உட்கார்ந்தால் போதும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதச் சம்பளத்துக்குள் முடிந்துவிடும்.

“பால்கனிக்குக் கூரை போட வச்சிருந்த பணத்தை எடுத்துட்டேன்,” என்றாள். “பாதி முன்பணம் கட்டியாச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டறீங்க. நாளைக்குப் போய் சீட்டுக்கு அளவு குடுத்துட்டு வாங்க.”

ஒரு வாரமாக நான் மலையாகக் குவித்த செலவை அவள் ஒரு பைக்குள் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

சீட்டுக்கு அளவு என்றால் டேப் வைத்து எடுப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை. அந்தக் காரில் ஆளுக்கு ஆள் சீட் வேறு. ஒர்க்‌ஷாப்காரர் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் காருக்குள் விரித்து, அதில் இரண்டு திரவங்களை ஊற்றி, மேலே என்னை இறக்கினார். திரவம் நுரைத்துப் பொங்கி, முதுகு இருக்கிற வடிவத்திலேயே இறுகிவிடுமாம். “கால் மணி நேரம் அசையாதீங்க சார்,” என்றார். ஆறு பட்டைகளால் என்னைக் கட்டினார்.

முதுகுக்குக் கீழே ஏதோ வெதுவெதுவென்று ஏறி வந்தது. கால்கள் முன்னால் ஒரு இருட்டுக் குழாய்க்குள் போய்விட்டன. என் காதுக்குப் பக்கத்தில் பின்சக்கரம். கண்ணுக்கு நேரே முன்சக்கரங்கள். அவற்றுக்கும் எனக்கும் இடையில் தடுப்பு என்று ஒன்றுமில்லை. என் தொழில் என்னைக் கைவிட்டிருக்கலாம், விடவில்லை. மனசு தானாகச் சேத அறிக்கை எழுத ஆரம்பித்தது. முன்பக்க மோதல்: இரண்டு முழங்கால், மாற்ற வேண்டும். பக்கவாட்டு மோதல்: இடது விலா நான்கு, சீர் செய்யலாம். பின்பக்க மோதல்: முழு நஷ்டம்.

ஏழாவது நிமிடத்தில் ஒர்க்‌ஷாப்காரர், “சத்தம் மட்டும் கேளுங்க சார்,” என்று இன்ஜினைப் போட்டார்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை. ஆறு பட்டையில் எதை எதைக் கழற்றினேன், எதற்குள்ளிருந்து நழுவினேன் என்று தெரியாது. இறுகிய அந்த நுரையில் ஒரு மனிதன் தப்பி ஓடுகிற வடிவம் அச்சாகப் பதிந்திருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணி எடுத்து என் சட்டையைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் யோசனை. அவள் மறுத்திருந்தால், நான் அந்தக் காரைப் பறக்கவிட்டிருப்பேன் என்று சாகிறவரை நம்பியிருப்பேன். அந்த நம்பிக்கையை இவள் ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொண்டாளே. அந்த வெளியூர் வேலையும் இப்படித்தானா? அந்த மலையுமா? தெருமுனை வந்ததும் யோசிப்பதை நிறுத்தினேன்.

அவள் மெஷினில்தான் இருந்தாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“ஒரு உதவி பண்ணேன். ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லேன்.”

மெஷின் நின்றது.

“இருபத்தாறு வருஷமா நான் சொல்லிட்டுத்தான் இருக்கேனாமே,” என்றாள். “போன மாசம் சந்தையில தக்காளி பொறுக்கிட்டிருந்தேன். உங்க பக்கத்து மேஜைக்காரர் வீட்டம்மா வந்து, ‘கிளாரினெட் கத்துக்கவாவது அவரை விட்டிருக்கலாமே அக்கா’ங்கறாங்க. கிளாரினெட்டை ஊதணுமா தட்டணுமான்னே எனக்குத் தெரியாதுங்க. அதை நான் வேண்டாம்னேனாம்.”

நான் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“சொல்றேன். ஆனா இனிமே சும்மா சொல்ல மாட்டேன். ஆறு வருஷமா ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெஷின் ஒண்ணு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் வேண்டாம்னு சொன்னது யாரு?”

நினைவில் தேடினேன். ‘இப்போ எதுக்கும்மா அதெல்லாம்’ என்று ஒரு குரல் கேட்டது. என் குரல் மாதிரியே இருந்தது.

“வாங்கிக்கோ,” என்றேன். “முன்பணம் போக மிச்சம் இருக்கறதுல வாங்கிக்கோ.”

“ஆபீஸ்ல?”

“நானே வேண்டாம்னு விட்டுட்டேன்னு சொல்லிடறேன்.”

“அப்போ வேண்டாங்க,” என்றாள் கனிவாக. “அந்தக் கார் உங்களுக்கு வேண்டாம்.” இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மறுப்பு. நெஞ்சு குளிர்ந்தது.

அலுவலகத்தில் நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. செய்தி சந்தை வழியாக எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. “அவங்க எவ்வளவோ சொன்னாங்களாம், நீங்கதான் மாட்டேன்னுட்டீங்களாமே,” என்றார் பக்கத்து மேஜைக்காரர். நாலு மேஜையும் தலையாட்டின. இந்த முறை அவளுக்காக.

புதன்கிழமை மெஷின் வந்தது. தனி மேஜை, தனி மோட்டார், வளைந்த கழுத்தில் ஒரு விளக்கு. மிச்சப் பணத்தில் இவ்வளவு பெரியது வருமா என்று தோன்றியது. கேட்கவில்லை. ஆனால் கட்டிய முன்பணம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அது போனது போகட்டும், அந்தப் பக்கமே போகாதீங்க என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். ஓட்டாத காருக்கு முக்கால் மாதச் சம்பளமா? எத்தனை பேருக்கு எத்தனை நஷ்டத்தை நான் கணக்குப் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பாதியையாவது திருப்பித் தரும்படி, என்னால் முடிந்த அளவு கண்டிப்பான குரலில் கேட்டேன்.

ஒர்க்‌ஷாப்காரர் என்னைச் சங்கடத்தோடு பார்த்தார்.

“முன்பணமா? அப்படி எதுவும் வாங்கலையே சார். ‘ஒரே ஒரு தடவை உள்ள உட்கார வச்சு இன்ஜினைப் போட்டு விடுங்க, அது போதும்’னு அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்களே.”