நேரில் விசாரித்த ஆர்.ஐ.

"நாளைக்கு வா" என்று ஒரு முறைகூடச் சொல்லாமல், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அந்த நிமிடமே சர்டிபிகேட் எழுதிக் கொடுத்த அதிகாரி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆர்.ஐ. அய்யா. அவரிடம் இருந்த ஒரே குறை, தன் பெயர் அவருக்கே தெரியாது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த முதியோர் இல்லத்தில் நான் அப்போது கம்பவுண்டர். மறதி முற்றியவர்களுக்கு அங்கே தனி வார்டு. ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். அதைக் காட்டி "அது இன்னாபா?" என்று தினமும் புதிதாகக் கேட்கப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஆர்.ஐ. அய்யா ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெற்ற மகனையே மறந்துவிட்டார். உத்தியோகம் மட்டும் மறக்கவில்லை.

காலை இட்லி முடிந்ததும் கட்டில் கட்டிலாக விசாரணை. "பேரு? அப்பா பேரு? எந்த ஊரு?" பிறகு நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதுவார்: "மேற்படி நபரை நேரில் விசாரித்தேன். இவரை எனக்கு நன்கு தெரியும்." கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு. இருமல் மருந்து மூடியை, நான் புண்ணுக்குத் தடவும் ஜென்ஷன் வயலட்டில் முக்கி ஒரு குத்து. தலையணை, வேட்டி, ஒருவருடைய வழுக்கைத் தலை வரை ஊதா வட்டம். தினம் பன்னிரண்டு தாள் போனதால் எங்கள் வார்டில் ஜனவரி முடிவதற்குள் தீபாவளி வந்துவிடும். யாரும் கவலைப்பட்டதில்லை.

ஒரு நாள் களமருதூர்க்காரர் ஒருவர் விசாரணை நேரத்தில் கக்கூசில் இருந்துவிட்டார். "மேற்படி நபர் ஸ்தலத்தில் இல்லை" என்று எழுதி, தலையணை மேல் வைத்துவிட்டுப் போனார் ஆர்.ஐ. அந்த மனுஷன் தாளைப் படித்துவிட்டு அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தார்.

"கம்பவுண்டரே, நான் இருக்கறேனா இல்லியா? நிச்சயமா சொல்லுங்க!"

மறுவிசாரணை நடத்தித்தான் அவரை உயிரோடு கொண்டுவர முடிந்தது.

வார்டனுக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆர்.ஐ. ஏற்கெனவே இரண்டு தடவை ரோட்டுக்குப் போய்விட்டார். "இன்னொரு தடவை போனா மெட்ராஸ்ல இருக்கற மகன் கிட்டயே அனுப்பிடுவேன்" என்று வார்டன் சொல்லி, மகனுக்குக் கடிதமும் எழுதி மேஜையில் தயாராக வைத்திருந்தார். அந்த மகன் வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப் பூட்டிப் பூட்டித்தான் எங்களிடமே வந்தார். பூட்டிய அறையில் அவர் யாரை விசாரிப்பார்?

அந்த நேரம் பார்த்து இடஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. டவுனிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்த அரிசி வண்டியும் மறியலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சமையலறையில் ஒரு வேளைக்குத்தான் அரிசி. வண்டி வருகிறதா என்று பின்கேட்டைத் திறந்து பார்த்தேன். திரும்பும்போது தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். மறதி வார்டில் அன்றைக்கு மறந்தவன் நான்தான்.

பத்து நிமிடத்தில் ஆர்.ஐ.யைக் காணோம். தூரத்தில் கூட்டம் கோஷம் போட்டது காதில் விழுந்தது. கூட்டமாக ஜனம் கத்தினால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: இன்றைக்கு மனு நாள். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

வெட்டிப் போட்ட மரத்தின் மேல், வார்டு நாள்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆர்.ஐ. உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்பது ஐம்பது இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அடித்திருப்பார்களோ என்று பயந்து வந்தவன், மூச்சு வாங்கிக்கொண்டே அருகில் போனேன்.

"அப்பா பேரு?"

"கோவிந்தனுங்க."

"வரிசைல நில்லு. தள்ளாத."

ஒரு பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா சார், சாதிய எழுதவே இல்லியே? அதுக்குத்தான இத்தினி நாளா ரோட்ல உக்காந்துகினு இருக்கறோம்."

"அது விசாரணையில இருக்குது" என்றார் ஆர்.ஐ., முகம் மாறாமல்.

நான் அவர்களுடைய தலைவனைத் தனியே அழைத்து, ஆர்.ஐ. யார், அங்கே நிற்கும் அரிசி வண்டி யாருடையது என்று சொன்னேன். அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

"இருக்கட்டும் சார். இத்தினி வருசத்துல எங்கள நேர்ல வந்து கேட்ட ஆபீசர் இவரு ஒருத்தருதான்" என்றான்.

அவர்களே மரத்தை ஒதுக்கினார்கள். ஆர்.ஐ.யை அரிசி மூட்டை மேல் உட்கார வைத்து வண்டியை அனுப்பினார்கள்.

கேட்டில் வார்டன் கடிதத்தோடு நின்றார். வண்டி வந்து நின்றதும் அவர் முதலில் பார்த்தது மூட்டைகளை. அப்புறம்தான் மேலே இருந்த ஆளை. ஆர்.ஐ. இறங்கி நேரே அவரிடம் போனார்.

"பேரு? அப்பா பேரு?"

வார்டன் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, கைகட்டிப் பதில் சொன்னார். அந்தக் கடிதம் தபாலுக்குப் போகவே இல்லை.

ஆர்.ஐ. எங்களோடு இன்னும் மூன்று வருஷம் இருந்தார். தினமும் காலையில் "நீ யாருபா?" என்று என்னைக் கேட்டார். நானும் தினமும் சொன்னேன். அவர் கொடுத்த கடைசித் தாள் இன்றும் என் பர்ஸில் இருக்கிறது. ஊதா வட்டம் வெளுத்துவிட்டது, எழுத்து நன்றாகத் தெரிகிறது: "இவரை எனக்கு நன்கு தெரியும்."