முன்கம்பியா, பின்கம்பியா

மதிப்பிற்குரிய மோட்டார் கழகச் செயலாளர் அவர்களுக்கு,

நான் வாய்மூடி இருந்தது போதும். தாங்கள் நலமா என்று கேட்பது மரபு. அடுத்தவன் குடும்பத்தில் குழப்பம் செய்தவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள் என்பதால் கேட்கவில்லை.

காலி மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளான கோன்களை வளைவு வளைவாக வைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் தங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில், கடைசி இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வண்டிதான் காரணம் என்று சொல்லி வந்தேன். வளைவு வந்தால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கை மாற்றினால் மேல்வகுப்புக்குப் போய்ப் பந்தய வண்டிகளோடு ஓட வேண்டும் என்கிறது விதி. நம் வகுப்பில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம். சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை முன்னாலோ பின்னாலோ ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம். ஷாக்கை மாற்றினேன். அப்படியும் ஒரு வரிசைக் கோன்களைச் சாய்த்தேன். தாங்கள் மைக்கைப் பிடித்து, "மாப்ள, அடுத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றீர்கள். மைதானமே சிரித்தது. அதை நான் மறக்கவில்லை, மச்சான். மறக்கவும் மாட்டேன்.

சிரிப்பு அடங்குவதற்குள், வேடிக்கை பார்க்க வந்த உங்கள் தங்கை, "ஏங்க, சாவியக் குடுங்க, ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்" என்றாள். ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்று நீங்கள்தானே தாராளமாக விதி எழுதி வைத்திருக்கிறீர்கள்! விழுந்த கோனை நிமிர்த்தும் வேலையில் நான் கடைசி வளைவில் நின்றேன். அதே வண்டி, அதே ஸ்பிரிங், அதே படுக்கை. ஆனால் அது படுத்துக்கொண்டே வந்தது, மச்சான்! உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்ப, வால் மெல்ல விலக, கோனின் நிழலை மட்டும் மிதித்துவிட்டுப் போனாள். நிமிர்த்த ஒன்றுமே இல்லை. அடுத்த வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை கையில் கொடியோடு நடுவழியில் நின்றிருக்கிறேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இது அவளுக்குள்ள எங்க இருந்துச்சு?

"வண்டி சாயுதே, பயமா இல்லையா?" என்று கேட்டேன். "சாஞ்சாத்தானே எந்தச் சக்கரம் என்ன சொல்லுதுன்னு தெரியும்? நீங்க அதப் பேசவே விடமாட்டேங்கறீங்க" என்றாள்.

இப்போது கூடத்தில் சோபாவின் மேல் இரண்டு கம்பிகள் கிடக்கின்றன. சாய்வை அடக்க நான் வாங்கியது முன்கம்பி. "முன்னால இறுக்குனா மூக்கு திரும்பாதுங்க, வால்தான் சுத்தி வரணும்" என்று அவள் வரவழைத்தது பின்கம்பி. நாங்கள் உட்காருவது தரையில். ஒன்றைத்தான் மாட்டலாம். அவளுடையதை மாட்டினால் நான் கோனோடு சேர்த்து மைதானத்தையே சுற்றுவேன். என்னுடையதை மாட்டினால் வண்டி என் பேச்சைக் கேட்கும், அன்று நான் பார்த்தது திரும்ப வராது. ஆகவே, இரண்டு கம்பியும் மாட்டலாம் என்று விதியைத் திருத்த வேண்டும். இல்லையேல் கழகத்தைவிட்டு விலகுவேன். அத்தை மாமாவுக்கு என் வணக்கம். உங்களுக்குக் கிடையாது.

பின்குறிப்பு: எழுதி முடித்துவிட்டுக் கீழே போனேன். அவள் வண்டிக்கடியில் படுத்திருந்தாள். பின்கம்பியின் ஒரு முனை ஏறியிருந்தது, மறுமுனை தொங்கியது. "யாரு அங்க? இதக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்" என்றாள். பிடித்தேன். போல்ட்டையும் நானே இறுக்கினேன்.

விதியைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: அவள் ஓட்டும் நேரத்தில் கடைசி வளைவில் கோன் நிமிர்த்தும் வேலையை எனக்கே போடுங்கள். அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது. இப்படிக் கேட்டது யாரென்று அவளுக்கோ அந்த மைக்குக்கோ தெரியக் கூடாது. அதனால் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.