ஒரு வால் நீள மண்

ஒரு காட்டில், மண்ணுக்கு மேலே மரங்கள் தனித்தனியாக நின்றதைப் போலவே, மண்ணுக்குக் கீழே எலி வளைகளும் தனித்தனியாக இருந்தன. பிறகு நாகரிகம் வந்தது. அரட்டைக்கு ஒரு சுரங்கம், குறுக்குவழிக்கு ஒரு சுரங்கம் என்று அவரவர் அண்டை வீட்டுக்கு வழி தோண்டிக்கொண்டார்கள். பெருச்சாளி தொந்தியப்பன், குளிக்கப் போக வசதி என்று ஓடைக்கே தோண்டினார். மழைக்காலத்தில் ஓடை பொங்கும். அவர் வீட்டோடு பக்கத்தில் இரண்டொரு வீடும் நனையும். மற்றவர்கள் “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

செங்கமலம் என்ற எலிக்கு ஒரே மகள். ஓடைப் பக்கம், அந்த நனையும் வீடுகளில் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆனால் பிள்ளைத்தாய்ச்சியை ஆந்தையின் கண்ணெதிரே நடத்திக் கூட்டிவர முடியுமா? செங்கமலம் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து பார்த்தாள். மற்ற வளைகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன; மகள் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு வால் நீள மண் மிச்சம்.

ஊர்த்தலைவர் முள்ளம்பன்றியிடம் அனுமதி கேட்டாள்.

“தாராளமாகத் தோண்டம்மா! இத்தனை இருக்கிற இடத்தில் இன்னொன்றா கேடு?”

தோண்டினாள். மகள் வயிறு சுவரில் உரச, அசைந்து அசைந்து வந்து சேர்ந்தாள். அன்றே மழையும் வந்தது. தொந்தியப்பனின் குளியல் சுரங்கம் வழியாக நுழைந்த தண்ணீர், அந்த ஒரு வால் நீளத்தைக் கடந்து காட்டின் எல்லா வளைகளுக்கும் போனது. தினையும் சாமையும் மிதந்தன. எல்லோரும் பாறைமேல் ஏறி நடுங்கினார்கள். ஆந்தையும் நனைந்து கிடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கேயே மகள் ஐந்து குட்டி ஈன்றாள். அங்கேயே பஞ்சாயத்தும் கூடியது.

“ஓடையை உள்ளே விட்டது யார் சுரங்கம்?” என்றாள் செங்கமலம்.

“என் சுரங்கம் எத்தனையோ மழை பார்த்தாச்சு. காடு முழுகிச்சா?” என்றார் தொந்தியப்பன்.

“எங்களுதும் அப்படித்தான்!” என்று எல்லா எலிகளும் கத்தின. அது உண்மையும்கூட.

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. “மற்றதெல்லாம் வழி. உன்னுடையதுதான் ஓட்டை. உடனே அடைத்துவிடு.”

செங்கமலம் குட்டிகளை நக்கிக்கொண்டே, “அடைச்சுடறேங்க. மகள்தான் வந்துட்டாளே” என்றாள்.

“மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கமாச்சே, அம்மா?” என்றது முள்ளம்பன்றி.

“மாமியாரும் அந்தப் பக்கம்தாங்க,” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. “கெட்டியா அடைம்மா.”

நீதி: சுரங்கம் தோண்டுவது குற்றமில்லை. கடைசிச் சுரங்கத்தை மட்டும் அடுத்த வீட்டுக்காரரைத் தோண்டவிடுங்கள்.