பிளாஸ்டருக்குள் போன நண்டுக்கறி

கையை முறித்துக்கொண்டது என் பிழை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வாசலில் வடிகானுக்குப் போட்ட கொங்கிறீற் மூடி ஆடும் என்று மேசனிடம் சொன்னேன். ஆடாது என்றார். ஆடும் என்று காட்டுவதற்காக அதன்மேல் ஏறி நின்றேன். ஆடியது. நான் சொன்னது சரி என்று நிரூபணமான அதே கணத்தில் வலது மணிக்கட்டும் முன்கை எலும்பும் முறிந்தன.

ஆஸ்பத்திரியில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பிளாஸ்டர் போட்டார்கள். நனைக்கக்கூடாது, உள்ளே எதையும் விட்டுச் சொறியக்கூடாது என்று தாதி சொன்னதை, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நான் இன்னும் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். (தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றுநிருபம் கையில் இல்லாவிட்டாலும் வாயில் இருக்கும்.)

வீட்டில் எனக்குச் சோறு குழைத்து வாயில் தீத்திவிட்டவர் என் கணவர். உன்னிச்சையில் வயல் செய்கிறவர். கதவைச் சாத்தி, யன்னல் திரையையும் அவர் இழுத்துவிட்ட பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். இது வெளியே தெரியக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்த நிலையில்தான் ஆரையம்பதியில் சம்பந்தி வீட்டு விருந்து வந்தது. மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்தோம். நாள் குறிக்க மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போய் இருப்பான். என் மகன் இனிமேல் தினமும் சாப்பிடப்போகிற மேசை அது. அதில் அவனைப் பெற்றவள் எப்படி உட்கார்ந்தாள் என்பது பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசப்படும். ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சம்பந்தியம்மா சட்டியோடு வந்தார். "அக்காக்கு நண்டெண்டா உசிரெண்டு மருமகன் சொன்னார். அதான் விடியவே ஆத்து நண்டு எடுப்பிச்சன்."

மகன் என் கையைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"கரண்டி தரட்டா அக்கா?"

"கரண்டியால சாப்பிட்டா நண்டுக்கு அவமானம்" என்றேன்.

"புள்ள, நான் தீத்தி விடட்டா?" என்று என் கணவர் இரகசியமாகக் கேட்டார். (அவருடைய இரகசியம் வரப்புக்கு வரப்பு கேட்கும்.)

"சும்மா இரிங்க."

இடது கையால் சம்பந்தி வீட்டில் சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம். ஒரு பொலித்தீன் சொப்பிங் பை கேட்டு வாங்கினேன். விரல்கள் வெளியே வர அதன் அடியை வெட்டச் சொல்லி, பிளாஸ்டரின் மேல் மாட்டி, றப்பர் பட்டியால் இறுக்குவித்தேன். நனையாமல் காக்க இதுதான் முறை என்று சபைக்கு விளக்கமும் சொன்னேன். விரல் வெளியே வரும் வழியால் கறி உள்ளே போகும் என்று எந்தச் சுற்றுநிருபமும் சொன்னதில்லை. பெரிய காலைக் கடித்து உடைத்து, உறிஞ்சுவதற்காகக் கையை உயர்த்த உயர்த்த, கறி விரலிடுக்கால் இறங்கி, உள்ளங்கை வழியே பிளாஸ்டருக்குள் புகுந்தது. நான் முகத்தை மாற்றவில்லை.

சாப்பாடு முடிந்து, பையையும் கழற்றியபின் பஞ்சாங்கத்தை விரித்தார்கள். அதற்குள் கறியின் கொச்சிக்காய்க் காரம் வேலையைத் தொடங்கிவிட்டது. முழங்கை வரை எரிந்தது. அந்த வீட்டுப் பூனை வேறு என் மடியில் ஏறி, பிளாஸ்டரைப் பக்தியோடு நக்கியது.

"பூனைக்கு அக்காவ நல்லாப் பிடிச்சிட்டு."

"மிருகங்களுக்கு என்னில விருப்பம்" என்றேன். கண்ணீர் வழிந்தது.

சம்பந்தியம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழாதீங்க அக்கா. உங்கட மகன நாங்க பறிச்செடுக்கல்ல. நினைச்ச நேரம் வாங்க, இதும் உங்கட வீடுதான்." அவருக்கும் கண் கலங்கியது. கொச்சிக்காயின் கண்ணீரைத் தாய்ப்பாசத்தின் கணக்கில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. ஆனால் அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். விரல்கள் கீழ்நோக்கின.

அவருடைய சந்தனநிறச் சேலையில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது. பின்னால், கறியில் போட்ட ஒரு முருங்கையிலை.

அவர் குனிந்து மணந்து பார்த்தார். "அக்கா, இது எங்கட கறியல்லோ?"

"ஓம். நல்ல கறி."

"மறுகா ஏன் அழுதீங்க?"

"உள்ளுக்க எரியுது."

அவர் எழுந்து உள்ளே போனார். கலியாணமும் அவருக்குப் பின்னாலேயே போகிறது என்று நினைத்தேன். மகன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. திரும்பி வந்தவரின் கையில் ஒரு தட்டு இருந்தது. சோற்றோடு, சதை மட்டும் பிரித்தெடுத்த நண்டு.

"ஒண்டும் ஒழுங்காச் சாப்பிடல்ல நீங்க. வாயத் திறங்க."

"நான் மாப்பிள்ளைட தாய்."

"ஓம், ஆர் இல்லயெண்டது? திறங்க."

திறந்தேன். அப்போது என் கணவர் எழுந்து போய், பழக்க தோஷத்தில், யன்னல் திரையை இழுத்து மூடினார். அறை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. முதலில் சிரித்தது மருமகளாக வரப்போகிறவள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை வெட்டினார்கள். பஞ்சோடு ஓட்டுத்துண்டு ஒன்றும் வந்தது. "இதென்னம்மா?" என்றார் டொக்டர். "ஆத்து நண்டு" என்றேன். புதிதாகப் போட்டுவிட்டு, அதே அறிவுரைகளைத் திரும்பச் சொன்னார். விட்டுப்போன ஒன்றை நான் ஞாபகப்படுத்தினேன்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. இப்போதும் அந்த வீட்டில் நண்டு வைத்தால், என் தட்டின் அருகே ஒரு சொப்பிங் பையை மடித்து வைக்கிறாள் மருமகள். மகன் போய்த் திரையை மூடுகிறான். எல்லோரும் சிரித்து முடியும்வரை காத்திருந்து, சாப்பிடத் தொடங்குகிறேன். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் பொருந்தியிருக்கிறது. பயிற்சி செய்தால் நிமிருமாம். எதற்கு? நண்டுக்கால் உடைக்க இதைவிட வசதியான கோணம் கிடையாது.